சனீஸ்வரனிடம் போன சேதுக்காசு

தனுஷ்கோடித் துறையில் சுங்க அதிகாரி என் பிஸ்கட் டின்னைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டின் நிறையச் சின்னச் சின்னக் காகித உறைகள். ஒவ்வோர் உறையிலும் ஒரு பழங்காசு. இதில் எது செல்லும் என்று கேட்டார். எதுவும் செல்லாது என்றேன்.

“செல்லாத காச எடுத்துக்கிட்டு, செல்லுற காசுல டிக்கெட்டு வாங்கிக் கப்பலேறி வாரீகளாக்கும்?”

ஆமாம் என்றேன். அவர் டின்னை மூடி என்னிடம் தள்ளிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரிடம் போனார். அந்த ஆசாமி வேட்டிக்குள் நைலான் சேலைகளைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அது அதிகாரிக்குப் புரிகிற விஷயம்.

நான் கொழும்பில் பிறந்தவன். அய்யா கமுதிப் பக்கத்திலிருந்து போய் அங்கே புறக்கோட்டைக் கடைத்தெருவில் மிளகாய்க் கடை வைத்தவர். எனக்கு மதராஸில் சரித்திரம் படிக்க ஆசை. அய்யாவுக்கு என்னைக் கல்லாவில் உட்கார வைக்க ஆசை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு செப்புக் காசு கிடந்தது. பழைய பித்தளைக் கடையில் எடைக்கு வாங்கிய குவியலில் அகப்பட்டது அது. கன்னங்கரேலென்று இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படுத்திருக்கும் காளை ஒன்று தெரியும். காளைக்குக் கீழே ‘சேது’ என்று எழுதியிருக்கிறது, பழைய ராஜாக்கள் அடித்த சேதுக்காசு என்பது என் கட்சி. மாட்டுவண்டி அச்சாணியில் போடுகிற வட்டத் தகடு என்பது அய்யாவின் கட்சி.

இராமநாதபுரத்தில் பெரிய பழங்காசுக் கண்காட்சி நடக்கப்போவதாகவும், மதராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பார்வையாளர் கொண்டுவரும் காசுகளைப் பார்த்துச் சொல்வாரென்றும் பத்திரிகையில் வந்தது. அய்யா ஒப்பந்தம் போட்டார். பேராசிரியர் அசல் என்று சொன்னால் மதராஸ். இல்லையென்றால் மிளகாய்.

அம்மாவின் ஒப்பந்தம் வேறு. எனக்கு ஏழரைச் சனி. இராமநாதபுரம் வரைக்கும் போகிறவன் தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் ஒன்பது கற்களையும் சுற்றி, அவள் கொடுக்கும் முடிச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்க வேண்டும். கறுப்புத் துணி முடிச்சு. உள்ளே எள்ளும் ஒரு காசும். பிரிக்கக் கூடாது. போட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் இன்னும் ஏதோ சொன்னாள். நான் உறைகளின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

இராமநாதபுரத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட தேநீர்க் கடையின் பலகையில் ‘ஒரிஜினல் சிலோன் டீ’ என்று எழுதியிருந்தது. குடித்தேன். சிலோனில் அப்படி ஒரு டீயை நான் குடித்ததில்லை. கடைக்காரர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் கொழும்பிலிருந்து வருகிறேன் என்றேன். “அப்ப ஒங்களுக்குப் பழகுன ருசியாத்தான் இருக்கும்” என்று சொல்லி இன்னொன்று போட்டார். விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பு. எங்கள் கடை மிளகாயை அது விளைந்த மண்ணிலேயே முதல்முறையாகச் சாப்பிட்டேன். இந்தச் சாமானை இத்தனை வருஷம் விற்று மனிதர்களிடம் அய்யா எப்படி நல்ல பெயர் வாங்கினார் என்று விளங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. தேவிபட்டினம் பஸ்ஸில் எனக்கு முன்னால் மிளகாய் மூட்டைகள் ஏறியிருந்தன. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தும்மல் தொடங்கியது. முதலில் நான், பிறகு ஒரு கைக்குழந்தை, பிறகு வரிசையாக எல்லோரும். கடைசியில் டிரைவர் தும்மினார், பஸ் பாதையை விட்டு மணலில் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். யாரும் யாரையும் திட்டவில்லை. கொழும்பு டிராமில் இது நடந்திருந்தால் பத்திரிகைக்குக் கடிதம் போயிருக்கும். இங்கே கண்டக்டர் “மூட்டைக்காரர் மட்டும் தள்ள வேணாம், அவரு பணம் கட்டியிருக்காரு” என்றார்.

தேவிபட்டினத்தில் கடல் குளத்தைப் போல அசையாமல் கிடந்தது. முழங்காலுக்குச் சற்று மேல் தண்ணீர். நடுவே ஒன்பது கற்கள், ஒன்று சாய்ந்து, ஒன்று நிமிர்ந்து, கூட்டம் முடிந்தும் வீட்டுக்குப் போகாதவர்களைப் போல நின்றன. கரையில் காளியம்மாள் என்ற நடுவயதுப் பெண், வெற்றிலை மென்றபடி எள் முடிச்சு விற்றுக்கொண்டிருந்தாள். நான் கைவசம் முடிச்சோடு வந்ததில் அவளுக்கு வருத்தம். தன்னுடையது மேல் என்றாள். உள்ளே காசு உண்டா என்று கேட்டேன். உண்டு, காலணா என்றாள். நயா பைசா வந்துவிட்டதே, காலணா போகப்போகிறதே என்றேன்.

“சனிக்கு என்னத்துக்குத் தம்பி செல்லுற காசு? ஓடாத காசத்தேன் போடணும். பெத்தவுக சொல்லி அனுப்பலையா?”

சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். ஒன்பது சுற்று சுற்றி, முடிச்சைத் தலையைச் சுற்றி முதுகுப் பக்கமாகப் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் வேலை முடிந்தது. இனி என் வேலை என்று உற்சாகமாக ஊர் திரும்பினேன்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். உள்ளே போனதும் கால் தரையில் படவில்லை என்று எழுதினால் நம்புங்கள், அவ்வளவு கூட்டம். மேஜைக்கு மேஜை கண்ணாடிப் பெட்டிகள். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள், சோழர்கள், ஒல்லாந்தர், கும்பினியார் எல்லோரும் பருத்தி மெத்தையில் படுத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு பெட்டியின் மேலும் மூக்கை வைத்து, கண்ணாடியில் ஆவி படிய, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு வியாபாரி தன் துண்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.

கூட்டத்தில் பாதிப் பேர் வேறு காரியத்துக்கு வந்தவர்கள். பழைய காசுக்குச் சர்க்கார் புதுக்காசு கொடுக்கிறார்கள் என்று சுற்றுக் கிராமங்களில் பேச்சுப் பரவியிருந்தது. அணாக்களை மடியில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கண்காட்சிக்காரர்கள் எவ்வளவு சொல்லியும் வரிசை கலையவில்லை. ஒரு பெரியவர் சோழன் காசு இருந்த மேஜையில் தன் இரண்டணாவை வைத்துவிட்டு, அதை எடுக்கப் பார்த்தார்.

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியவர் மீரான் காக்கா. கீழக்கரைச் சங்கு வியாபாரி. காக்கா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன். முப்பத்தைந்து வயதிருக்கும். அவரும் என்னைப் போலப் பார்வையாளர்தான். ஆனால் யாரிடம் எது இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பாண்டியர் காசுகளில் இரட்டை மீன் போட்ட ஒரு சின்னக் காசு மட்டும் அவருக்குக் கிடைக்கவேயில்லை. அதைத் தேடித்தான் எங்கும் போகிறார். என் காளைக்காசைப் பற்றிச் சொன்னேன். அவர் கண் சிறுத்தது. அசலாக இருந்தால் முதலில் தன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றார்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த தொதல் பொட்டலத்தைப் பிரித்தார். இந்தக் கருப்பட்டி அல்வா எங்கள் கொழும்புப் பண்டமாயிற்றே என்றேன். கீழக்கரையிலிருந்து கொழும்புக்குப் போனது என்றார். கொழும்பிலிருந்து கீழக்கரைக்கு வந்தது என்றேன். பொட்டலம் காலியாகும் வரை இதைப் பேசினோம். சேதுக்காசு இந்தக் கரையில் அடித்ததா அந்தக் கரையில் அடித்ததா என்றும் இப்படி ஒரு சண்டை உண்டு. அதில் தொதல் கிடைப்பதில்லை.

ஞாயிறு காலை பேராசிரியரின் மேஜைக்கு முன் நின்றேன். பின்னால் காக்கா. பேராசிரியர் ஒல்லியான மனிதர். பூதக்கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் மாட்டியிருந்தார். யாரிடமும் முதலில் கேட்பது ஒன்றே: காசு எங்கே கிடைத்தது? கொழும்பில் கிடைத்தது என்று சொல்லி, ‘சேது – காளை – ஐயமில்லை’ என்று நானே எழுதியிருந்த உறையை அவர் முன் கவிழ்த்தேன்.

பளபளவென்று ஓர் ஐம்பது சதக் காசு விழுந்தது. எங்கள் ஊர்க் காசு. மன்னர் தலை போட்டது.

பேராசிரியர் தம் கடமையில் குறை வைக்காதவர். பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். விளிம்பைத் தடவினார்.

“அசல்தான்” என்றார். “கொழும்பில் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்வார்கள்.”

வரிசை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காளியம்மாள் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. ஓடாத காசைத்தான் போட வேண்டும். எங்கள் வீட்டில் ஓடாத காசு வேறு எங்கே இருக்கிறது? இருப்பதிலேயே கறுப்பாக, கேவலமாக இருந்ததை அம்மா சனிக்கு எடுத்திருக்கிறாள். அவள் யார் பொருளையும் சும்மா எடுக்கிறவள் அல்ல. எடுத்த இடத்தில் நல்ல காசாக ஒன்று வைத்திருக்கிறாள். என் சரித்திரப் படிப்பை நானே தலையைச் சுற்றிக் கடலில் போட்டிருக்கிறேன்.

பேராசிரியர் அன்று மாலை ரயிலுக்குப் புறப்படுகிறார். காக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தம் சைக்கிளை எடுத்தார். இரக்கம் மட்டுமல்ல. காசு அசலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கும் இருந்தது.

பின்கேரியரில் உட்கார்ந்து தேவிபட்டினம் போவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். காளியம்மாள் எங்களைக் கண்டதும், ஒரே சனிக்கு இரண்டு நாளா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு விவரம் சொன்னாள்.

போட்ட முடிச்சை யாரும் தொட மாட்டார்கள், ஆகவே அது எங்கேயும் போயிருக்காது. இது நல்ல செய்தி. அடியில் கிடக்கிற முடிச்செல்லாம் கறுப்புத் துணி, எது யாருடையது என்று தெரியாது. இது கெட்ட செய்தி. அடுத்தவர் முடிச்சை அவிழ்த்தால் அவர் சனி அவிழ்த்தவனைப் பிடித்துக்கொள்ளும். இது அதைவிடக் கெட்ட செய்தி. பரிகாரம் உண்டா என்றேன். திரும்ப முடிந்து, அந்த ஆளுக்காக ஒன்பது சுற்று சுற்றிப் போட்டுவிட்டால் ஒட்டாது என்றாள். ஆள் பெயர் தெரியாதே என்றேன்.

“ஒனக்குத் தெரியலேன்னா என்ன? சனிக்குத் தெரியும்.”

காக்கா கைலியை மடித்துக் கட்டினார். “எனக்குத்தான் சனி கிடையாதே தம்பி. அவுக்கிறத நான் அவுக்குறேன், நீங்க சுத்துங்க. எங்க வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க. சனி கிடையாதுன்னு அவளுக்குந் தெரியும். ஆனா வீட்டுக்குள்ள விட மாட்டா.”

நான் முதல் நாள் நின்ற கல்லுக்குப் பக்கத்தில் காலால் துழாவித் துழாவி எடுத்தோம். முதல் முடிச்சில் எள்ளும் விக்டோரியா மகாராணியின் காலணாவும். காக்கா முடிந்து கொடுத்தார். முகம் தெரியாத அந்த மனிதருக்காக ஒன்பது சுற்று சுற்றினேன். இரண்டாவதில் ஓர் ஒல்லாந்தர் துட்டு, மண்டபத்தில் கண்ணாடிக்குள் பார்த்ததைவிடச் சுத்தமானது. மறுபடி ஒன்பது. கரையில் புதிதாக வந்த ஒரு குடும்பம் என் பக்தியைப் பார்த்துத் தங்கள் பையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சீமையில் தலைமுறை தலைமுறையாக எல்லா அம்மாக்களும் என் அம்மா செய்ததையே செய்திருக்கிறார்கள். ஒவ்வோர் அரசாங்கம் போகும்போதும் அதன் காசு இங்கே வந்திருக்கிறது. பெரிய கண்காட்சி இராமநாதபுரத்தில் இல்லை. என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. யாரும் எதையும் எடுத்துப்போக முடியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது முடிச்சின் துணி தொட்டதும் பிசுபிசுத்தது, அவ்வளவு பழையது. காக்கா பிரித்தார். உள்ளங்கையில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு காசு. அதில் இரண்டு மீன்.

நான் காக்காவைப் பார்த்தேன். அவர் காசைப் பார்த்தார். கரையிலிருந்து காளியம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். காக்கா கட்டைவிரலால் மீன்களை ஒருமுறை தடவினார். இரண்டாவது முறையும் தடவினார். பிறகு தம் கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்து, காசை அதில் வைத்து இறுக்கி முடிந்தார்.

“யாரு பெத்த புள்ளையோ, கஷ்டம் தீரணும்னு போட்டது” என்று என்னிடம் நீட்டினார். “மெதுவாச் சுத்துங்க தம்பி. அவசரமில்ல.”

அவசரம் இருந்தது. ஆனால் மெதுவாகவே சுற்றினேன். நான் போட்ட இடத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான்காவது முடிச்சில் எள்ளோடு செக்கச்செவேலென்று புத்தம்புதுக் காசு. இதுவும் இல்லை, முடிந்து வையுங்கள் என்று காக்காவிடம் சொல்லிவிட்டு, ஐந்தாவது ஆளுக்கு எப்போது சுற்றுவது என்று கணக்குப் போட்டபடி சுற்றத் தொடங்கினேன். சாய்ந்த கல்லைத் தாண்டும்போது காக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“தம்பி, இங்கன வாங்க. காளை படுத்திருக்கு.”

என் காசுதான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. சனீஸ்வரனுக்கானாலும் அழுக்குக் காசைக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வராது. குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். நான் மாதக்கணக்கில் வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க முயன்ற எழுத்து இப்போது தண்ணீர் சொட்டச் சொட்டத் தெளிவாகத் தெரிந்தது. சேது.

சனியிடமிருந்து எடுத்ததற்கு ஈடு வைக்க வேண்டுமே. சட்டைப் பையில் அந்த ஐம்பது சதம் இருந்தது. அதைக் கறுப்புத் துணியில் வைத்தேன். காளியம்மாள் எழுந்து வந்துவிட்டாள். செல்லுகிற காசையா போடுகிறாய், ஊர் வழக்கத்தைக் கெடுக்கிறாயே என்றாள். கொழும்புக் காசு என்றேன். இங்கே செல்லுமா என்று கேட்டாள். செல்லாது என்றேன்.

“அப்பச் சரி” என்று போய் உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் சைக்கிள் பஞ்சரானது. அது நான்கு பேருடைய சனியில் யாருடையது என்று காக்கா கேட்டார். பாதித் தூரம் ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் பூதக்கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். என் ஈர வேட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே எடுத்தார்.

“எங்கே கிடைத்தது?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அதைக் கேட்பதே மெய் தெரிவதற்காகத்தான். தேவிபட்டினத்தில், தண்ணீருக்குள், என் முடிச்சிலிருந்து என்றேன். காசை நோக்கி வந்த விரல்கள் பாதியில் நின்றன.

“கழித்துப் போட்டதா?”

ஆமாம் என்றேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று காலை, பிணக்குழியில் கிடைத்த காசைக்கூட வாயால் ஊதிப் பார்த்த மனிதர். மேஜையில் வை என்றார். பிறகு, மேஜையிலும் வேண்டாம் என்றார். வெளியே அவருடைய குதிரைவண்டிக்காரர் ரயிலுக்கு நேரமாகிறது என்று இரண்டாவது முறையாகக் குரல் கொடுத்தார்.

காக்கா காசை என் கையிலிருந்து எடுத்து, பேராசிரியரின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். “எனக்குச் சனி கிடையாது சார். நீங்க பாருங்க.”

பேராசிரியர் பார்த்தார். திருப்பச் சொன்னார், காக்கா திருப்பினார். சாய்க்கச் சொன்னார், சாய்த்தார். விளிம்பைக் காட்டச் சொன்னார். பூதக்கண்ணாடிக்கும் காசுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளியை மட்டும் கடைசிவரை விடாமல் காத்தார்.

“அசல்” என்றார். பிறகு முகம் சுளித்தார். “ஆனால் வீட்டில் வைத்துக் கெடுத்துவிட்டார்கள். என்ன, புளியா?”

புளியும் சாம்பலும் என்றேன். அவர் துக்கச் செய்தி கேட்டவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் கரைக் காசா, அந்தக் கரைக் காசா என்று கேட்டேன். அந்தச் சண்டைக்காக ரயிலை விட முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

காக்கா அந்தக் காசுக்கு மாற்றாக என்ன வேண்டும் என்று கேட்டார். அய்யாவிடம் காட்டாமல் கொடுக்க முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அம்மாவுக்கு ஒரு தொதல் பொட்டலம் கொடுத்தார். அது எங்கிருந்து எங்கே போனது என்பதை அம்மாவிடமே கேட்டுப் பார்க்கச் சொன்னார். இனிமேல் சனிக்கிழமைகளில் தேவிபட்டினம் பக்கம் வியாபாரம் பார்க்கலாம் என்று நினைப்பதாகவும் சொன்னார். அங்கே சங்கு வியாபாரம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

தனுஷ்கோடியில் அதே சுங்க அதிகாரி. டின்னைத் திறக்காமலே, இன்னும் எதுவும் செல்லவில்லையா என்று கேட்டார். ஒன்று அசல் என்றேன். அப்படியா, செல்லுமா என்றார். செல்லாது என்றேன். போகச் சொன்னார்.

வீட்டில் அய்யா காசைக் கல்லா மேஜைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். பேராசிரியர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அசலுதானாம். வீட்டுல வச்சுக் கெடுத்துப்புட்டாகளாம்” என்று அய்யா அவளுக்குத் திருப்பிச் சொன்னார். பிறகு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “அது ஒன்னயப் பத்தி. காசைப் பத்தி என்னலே சொன்னாரு?”

காசை அவரே உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். மதராஸ் போவதானால் காலாகாலத்தில் போ, கடையில் நின்று மூட்டையை எண்ணிக்கொண்டிருக்காதே என்றார். அம்மா புளி போட்டது தப்பென்று ஒப்புக்கொள்ளவில்லை. அழுக்கோடு கொண்டுபோயிருந்தால் அந்த மனிதர் படித்திருக்க முடியுமா என்று கேட்டாள்.

அதற்கு மேல் அவள் கேட்டது ஒன்றுதான். மதராஸ் ரயில் இராமநாதபுரம் வழியாகத்தானே போகிறது என்று. ஆமாம் என்றேன். ஏழரையில் இன்னும் பாதிகூட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்க் கறுப்புத் துணி தேடத் தொடங்கினாள்.

நான் டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.